அடுப்புக்குப் பிணை நின்றவள்

ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்த சமயம் அது. மலாயாவின் ஈப்போவில் சாலை வேலைக்காரர்கள் குடியிருந்த சர்க்கார் லயத்துக்கு, அந்தப் பலகை வீட்டு வரிசையைப் பார்வையிட வந்த வெள்ளைக்காரத் துரை சொல்வதைத் தமிழில் சொல்லப் போன ஆபீஸ் கிராணி நான். அங்கேதான் அந்தக் கல்லுடைக்கும் பெண்ணைப் பார்த்தேன். நெடிய உடம்பு, வெயிலில் கறுத்த முகம். பேசுமுன் சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொள்வாள்.

வீட்டுக்குள் அடுப்பு மூட்டியதால் பலகைச் சுவர்களெல்லாம் கரியேறிக் கிடந்தன. மூட்டியவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றார் துரை. நான் அதைத் தமிழில் சொன்னேன். போக யாருக்கும் வேறு இடமில்லை. அவள் மட்டும் முன்னால் வந்தாள்.

“கிராணி ஐயா, பின்னால சமையல் கொட்டாய் விழுந்து கெடக்கு. மழையில எங்க சோறாக்குறது? கொட்டாய் போட்டுத் தரச் சொல்லுங்க. அப்புறம் யாராச்சும் உள்ள மூட்டினா, மொதல்ல என்னை வெளிய போடட்டும்.”

அதை நான் எடுத்துச் சொன்னதும் துரை பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “கொட்டகை எங்கள் பொறுப்புதான். மற்றது அவள் சொன்னபடியே ஆகட்டும்,” என்றார். அந்த மாதமே அது எழுந்தது.

பிறகொரு மழைநாளில் அங்கே போனேன். காய்ச்சல்காரப் பிள்ளையை விட்டு நகர முடியாமல் ஒருத்தி உள்ளேயே அடுப்பு மூட்டியிருந்தாள். கல்லுடைக்கும் பெண் தண்ணீரை ஊற்றி அதை அணைத்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

“நீ புள்ளையப் பாரு. நான் வடிச்சுக் கொண்டாரேன்” என்று சொல்லி, பாதி வெந்த சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தாள்.

மற்றவர்களை நம்பித் தன் வீட்டைப் பணயம் வைக்க அவளுக்கு எப்படி மனம் வந்தது என்று கேட்க நினைத்தேன். குடையைப் பானைக்கு மேலே பிடித்தபடி கூடவே நடந்தேன்.