நூற்றெட்டு மீட்டரில் ஒரு வீடு

என் கணவர் அணை கட்டும் அலுவலகத்தில் வரைபடக்காரர். முப்பது வருடம் நிலத்தின் உயரங்களைக் கோடுகளாக வரைந்தார். கோடு தப்பாக விழுந்தால், காய்ந்த மையை பிளேடால் சுரண்டிவிட்டு மறுபடி போடுவார். வீட்டில் ஒரு நாவல் எழுதினார். அணை நிரம்பினால் மூழ்கப்போகும் ஊர், அதில் மனைவியை இழந்த ஒரு தையற்காரர், அவருடைய மகள். எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் வரும் என்று தெரிய வேண்டுமே என்று அந்த இல்லாத ஊருக்கும் முழு வரைபடம் போட்டுச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார்.

எங்கள் மகள் ஒன்பது வயதில் காய்ச்சலில் போனாள். அடுத்த மாதம் அவர் முதல் அத்தியாயத்தைத் தொடங்கினார். தையற்காரரின் மகளுக்கும் அதில் ஒன்பது வயது. பிறகு அவள் வளர்ந்தாள். சைக்கிளில் விழுந்தாள், கணக்கில் தோற்றாள், அப்பாவின் கண்ணாடியை உடைத்துவிட்டு இரண்டு நாள் ஒளித்துவைத்தாள். பதினொரு வருடத்தில் இருபது வயது ஆகியிருந்தது. எழுத எழுத நானும் படித்தேன். அவளைப் பார்க்க எனக்கும் வேறு இடம் இல்லை.

முடித்ததும் அலுவலக நண்பரிடம் படிக்கக் கொடுத்தார். அவர் நில அளவையாளர். மட்டம் பார்க்கும் கருவியின் பெயரால் எல்லாரும் கூப்பிடுவது 'லெவல்' என்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவர், வரைபடத்தின் முன்னால் நின்று சிரித்தார்.

"யோவ், ஊரே நூத்திப்பன்னெண்டு மீட்டர் வரைக்கும் முழுகுது. தையக்காரன் வீடு மட்டும் எப்படித் தப்பிச்சுது? உன் சொந்தக்காரங்க யாருன்னு தண்ணிக்குத் தெரியுமா?"

"வீடு நூத்திப்பதினாறுல இருக்கு," என்றார் இவர், முகத்தைப் பார்க்காமல்.

"தெரு நூத்தியெட்டு. வாசல்ல மூணே படின்னு முதல் பக்கத்துலயே எழுதியிருக்கே. மூணு படியில எட்டு மீட்டரா? ஏறி இறங்கறது என்ன, ஒட்டகச்சிவிங்கியா?"

இவர் சிரிக்கவில்லை. லெவல் அண்ணனின் சிரிப்பும் பாதியில் நின்றுவிட்டது. காபியை முடிக்காமலே கிளம்பினார்.

நான் வரைபடத்தைத் தொட்டுப் பார்த்தேன். அந்த வீட்டைச் சுற்றி மட்டும் காகிதம் சுரண்டிச் சுரண்டி, பின்னாலிருக்கும் சுவர் தெரியும் அளவுக்கு மெலிந்திருந்தது.

"அப்படியே விட்டுடுங்க. யாரு அளந்து பாக்கப்போறாங்க?"

"முப்பது வருஷத்துல ஒரு கோடுகூட நான் பொய்யாப் போட்டதில்ல."

"அப்ப முந்தின நாளே அவள பஸ் ஏத்திடுங்க. வெளியூர்ல வேலைன்னு எழுதிடுங்க."

"தையக்காரன் அந்த வீட்ட விட்டு வரமாட்டான். அப்பாவ விட்டுட்டுப் போறவளா அவள நான் எழுதலயே."

ஒன்பது நாள் அவர் மேசைப் பக்கம் போகவில்லை. பத்தாம் நாள் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"நீ சரின்னு சொன்னாத்தான்."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். சரி என்றேன். அவருக்குக் கேட்டதோ இல்லையோ என்று இன்னொரு முறையும் சொன்னேன்.

வீட்டை நூற்றெட்டுக்கு இறக்கினார். நான்கு நாள் கதவைச் சாத்திக்கொண்டு கடைசி அத்தியாயத்தைத் திருப்பி எழுதினார். அதை மட்டும் நான் படிக்கவில்லை. அதன்பின் அவர் எதையும் எழுதவில்லை. அலுவலகம் விட்டு வந்தால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எட்டாவது மாதம் அலுவலக நாற்காலியிலேயே இதயம் நின்றுபோனது.

நேற்று லெவல் அண்ணன் வந்தார். புத்தகம் அச்சுக்குப் போகிறது.

"ஒரு தெரு விடாம முழுகடிச்சிருக்கான் தங்கச்சி. அளவு எல்லாம் கச்சிதம். கடைசிப் பக்கத்துல ஒரு இடம் மட்டும் இடிக்குது."

பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்துக் காட்டினார்: "தண்ணீர் மூன்றாம் படியைத் தாண்டியதும் தையற்காரர் மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார்."

"இருபது வயசுப் பொண்ண அந்த வயசுல எப்படித் தூக்குவான்? கையப் பிடிச்சுக்கிட்டான்னு மாத்திடட்டுமா?"

"வேணாம்ணே," என்றேன். "அவ கனமே இருக்கமாட்டா."