ஞானசெல்வி அக்காவின் வெந்த மண்

ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி, இறுக்கிப் பிடித்து, விரல்களைத் திறந்து பார்க்கிறார் ஞானசெல்வி. உருண்டை உடையாமல் நிற்கிறது. கட்டைவிரலால் தொட்டதும் பொலபொலவென்று உதிர்கிறது. "கொழுக்கட்டகூட எனக்கு இம்புட்டுப் பதமா வந்ததில்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த குழிக்கு நகர்கிறார். கடை திறக்கப் போகும் முன் ஒருமுறை, மதியம் சாப்பிட வரும்போது ஒருமுறை என இந்தச் சோதனை நடக்கும்.

தேனி கடைவீதியில் அவருக்கு ஒரு பேன்சி ஸ்டோர். ஐம்பதைத் தாண்டியவர். விற்காத நகப்பாலிஷ் வீணாகக் கூடாது என்று விரலுக்கு ஒரு நிறம் பூசியிருப்பார். பத்து நிறத்துக்கும் அடியில் இப்போது ஒரே நிறத்தில் மண். தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்வதில் அவரை அடிக்க ஆளில்லை. கேட்டால், "நாமளே சிரிச்சு முடிச்சுட்டம்னா அடுத்தவகளுக்குச் சில்லறதானே மிஞ்சும்" என்பார்.

அவர் கையில் எந்தச் செடியும் பிழைத்ததில்லை. கறிவேப்பிலை கருகியது. ரோஜா ஒரு மொட்டு விட்டு, அதோடு முடித்துக்கொண்டது. "மணி பிளான்ட்டே போயிருச்சு தம்பி. அது சாகணும்னா ரொம்ப மெனக்கெடணும். நான் மெனக்கெட்டிருக்கேன்." பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஹேர்பேண்டைக்கூட போனிலேயே வாங்கத் தொடங்கிய பிறகு கடையில் ஓய்வு கூடிப்போனது. அந்த ஓய்வில்தான், கொல்லையில் ஒரு தோட்டம் போட்டே தீருவது என்று உட்கார்ந்து வீடியோ பார்த்தார்.

அந்த வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர். தொப்புள் வரை தாடி, ஓலைத் தொப்பி. தன் செடிகளை 'மை கேர்ள்ஸ்' என்றுதான் சொல்வார். "பொண்ணுகன்னு கூப்புடுறான் பாருங்க! செடியப் பெத்த பிள்ளையா நெனைக்கிறவன் தோப்பானா?" என்று அக்கா உருகினார். தலைப்பில் ஒரு சொல் மட்டும் இடித்தது. அடுத்த வீட்டுக்காரனான நான் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துபவன் என்பதால் போனோடு என்னிடம் வந்தார்.

"தம்பி, 'வீட்'டுன்னு போட்டிருக்கே. வீட்டுத் தோட்டமா?"

"இல்லக்கா. வீட் என்றால் களை. களை வராமல் மண்ணைத் தயார் செய்வது எப்படி என்று சொல்கிறார்."

முதுகலைப் பட்டத்தோடு நான் செய்த மொழிபெயர்ப்பு அது.

வீடியோவின் முதல் பாகம் முழுக்க மண்தான். செடியே கிடையாது. ஒரு பாடத்தை முடிக்காமல் அடுத்ததைத் தொடுவதில்லை என்பது அக்காவின் கொள்கை. வீடு கட்டியபோது கொல்லையில் புதைந்த சிமென்ட் கட்டியையும் ஓட்டுச் சில்லையும் தோண்டி எடுத்தார். மண்ணை ரவை சலிக்கும் சல்லடையில் சலித்தார். மக்கிய சாணம், மண்புழு உரம், அலசிப் பிழிந்த தேங்காய் நார்க்கழிவு, வேப்பம்புண்ணாக்கு எல்லாம் சேர்த்துப் பிசைந்தார். நண்டு ஓடு போட வேண்டும் என்று தாடிக்காரர் சொன்னதால் மீன் கடைக்குப் போனார். "நண்டு வேணாமாக்கா? ஓடு மட்டும் போதுமா?" என்று கடைக்காரர் திரும்பத் திரும்பக் கேட்டாராம். குழியில் தண்ணீர் ஊற்றி, அது எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் கணவர் விஜய்ராஜ் எட்டிப் பார்த்து, "உள்ள யாரும் விழுந்துட்டாகளா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கலந்த மண்ணை ஒரு மாதம் 'குக்' ஆக விட வேண்டும் என்பதோடு முதல் பாகம் முடிந்தது. ஈரச் சாக்கால் மூடி வைத்தார். யார் கேட்டாலும், "மண்ணு வெந்துக்கிட்டு இருக்கு. சோத்தத்தான் கொழைய விட்டேன், இதையாவது பதத்துல எறக்கணும்" என்பார். நானும் என் மல்லிகைத் தொட்டிக்கு இரண்டு கிண்ணம் வாங்கிக்கொண்டேன். மண் வேகும் இடைவெளியில், தான் பெற்ற அறிவு ஊருக்கும் பயன்படட்டும் என்று அந்த வீடியோவைத் தன் சர்ச் சபைப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார், கூப்பிய கை இரண்டோடு.

குழுவில் இருந்த ஜெபஷீலா அதைப் பெங்களூரில் படிக்கும் தன் மகனுக்கு அனுப்பினார். "அம்மா, இந்த ஆளு கஞ்சா வளக்குறவரு. 'வீட்'னா அதான்" என்று அவன் உடனே பதில் போட்டான். அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று ஜெபஷீலா இன்றுவரை கேட்கவில்லை. ஆனால் சேதியை மற்ற எல்லோரிடமும் சொன்னார்.

இரண்டு நாளில் ஏட்டு சுருளிராஜன் வந்து நின்றார். ஜீப் சத்தம் கேட்டதும் நான் செய்த முதல் காரியம், மல்லிகைத் தொட்டியைத் தூக்கிக் குளியலறைக்குள் வைத்ததுதான். பிறகுதான் அக்காவுக்குத் துணையாகப் போனேன்.

"இங்கன கஞ்சா போட மண்ணு ரெடியாகுதுன்னு தகவல் வந்திருக்கும்மா."

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. வாய் மட்டும் பழக்கத்தை விடவில்லை. "அய்யா, நான் கறிவேப்பிலையவே கொன்னவ. என்னய நம்பி யாராச்சும் கஞ்சாவ ஒப்படைப்பாகளா?"

ஏட்டு சிரிக்கவில்லை. போனை வாங்கி இரண்டாம் பாகத்தை ஓடவிட்டார். மூவரும் நின்றபடி பார்த்தோம். தாடிக்காரர் தன் 'பொண்ணு' ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார், ஆள் உயரச் செடி. "அட, அழகாத்தான் இருக்கு" என்ற அக்கா, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

சாக்கை விலக்கி, மண்ணைக் குச்சியால் கிளறிப் பார்த்தார் ஏட்டு. மண்ணைத் தவிர எதுவும் இல்லை. "மண்ணுக்குக் கேசு கிடையாது. ஆனா என்னத்தப் போட்டாலும் வாரா வாரம் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பணும்" என்று தன் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் அக்கா துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டார். அன்று அவரிடமிருந்து ஒரு கிண்டலும் வரவில்லை. வந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவர் பெஞ்சில் அவர் மட்டும்தான். கடைக்கு வந்த ஒரு தாய், பொட்டு வாங்க நின்ற மகளைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

"அள்ளிக் கொட்டிருவமா?" என்று விஜய்ராஜ் கேட்டார்.

"கொட்டுனா நெசமாவே ஏதோ இருந்துச்சும்பாக. இம்புட்டு நாளு வெந்த மண்ணுங்க. நான் போடத்தான் போறேன்."

மறுநாள் காலையில் வெண்டை விதை ஊன்றினார்.

ஏட்டுக்குப் படங்கள் தவறாமல் போயின. 'ரெண்டு இலை. வெண்டை. வணக்கம் சார்.' பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வரும். செடிகள் ஒன்றுகூடச் சாகவில்லை. அக்காவால்தான் நம்ப முடியவில்லை; "வீட்டு அட்ரச மாத்தி வந்துருச்சுகளோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். முழங்கால் உயரம் வந்தபோது இலைகள் ஐந்து விரலாகப் பிரிந்து விரிந்தன. பெருமை தாங்காமல் ஒற்றை இலையை நெருக்கத்தில் படமெடுத்து அனுப்பினார். அன்று கட்டைவிரல் வரவில்லை. ஜீப் வந்தது.

ஏட்டு செடியின் இலையையும் தன் போனில் இருந்த கஞ்சா இலைப் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"விதப் பாக்கெட்டு இருக்கு சார், காட்டவா?"

"பாக்கெட்டுல என்ன வேணா அச்சடிக்கலாம்மா. பூக்கட்டும், பாப்பம்."

முதல் பூ விரிந்த காலையில், மங்கிய மஞ்சளும் நடுவில் கருஞ்சிவப்புமாக இருந்த அதை அக்கா வீடியோ காலில் காட்டினார். "சார், பூத்திருச்சு சார்!" மகளுக்குப் பிரசவமான சேதி சொல்வதுபோல இருந்தது அந்தக் குரல். மறுமுனையில் ஏட்டு பல் துலக்கிக்கொண்டிருந்தார். "சரிம்மா, சரி. இனிமே படம் அனுப்ப வேணாம்" என்றார். அக்கா இன்னும் அனுப்புகிறார். கட்டைவிரலும் வருகிறது.

போன மாதம் அவர்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. அக்கா கூப்பிட்டதால் நானும் போயிருந்தேன். சபையார் தங்கள் விளைச்சலைக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விடுவார்கள். வாழைத்தார், தேங்காய், பூசணி எல்லாம் போட்டி போட்டுப் போயின. அடுத்ததாக ஒரு கூடை வெண்டைக்காயைத் தூக்கிக் காட்டி, "ஞானசெல்வி அம்மா தோட்டத்துக் காயி" என்றார் ஏலம் விட்டவர். ஒருவரும் விலை கேட்கவில்லை. பின்வரிசையில் யாரோ, "கொழம்பு வச்சா கிறுகிறுக்குமா?" என்று கேட்டது எல்லோருக்கும் கேட்டது. ஜெபஷீலா தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா எழுந்து முன்னால் போனார். கூடையிலிருந்து ஒரு காயை எடுத்து நுனியை ஒடித்தார். டக்கென்று ஒடிந்தது. காயைப் பச்சையாகக் கடித்து, நிதானமாக மென்று விழுங்கினார். பிறகு கண்களைச் சொருகிக்கொண்டு, கால் பின்ன, மேசைக்கும் தூணுக்கும் நடுவில் தள்ளாடினார். ஒரு நொடி திகைத்த கோயில், கூரை அதிரச் சிரித்தது. "எரநூறு!" என்றது ஒரு குரல். "எரநூத்தம்பது!" என்றார் ஜெபஷீலா.

சிரிப்பு அடங்கும் வரை அக்கா தள்ளாடிக்கொண்டே இருந்தார். தலை ஆடியது, தோள் ஆடியது, கால் ஆடியது. ஒரு காய்கூடக் கீழே விழுந்துவிடாமல் கூடையின் விளிம்பைப் பிடித்திருந்த இடது கை மட்டும் ஆடவில்லை.