ரோவீனா கேட்ட ஒரே வாக்கியம்

ரோவீனா மக்கில்லிஸ் கனடாவின் கிளென்கேரியில் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். செயற்கை நுண்ணறிவுக்குத் தேசியக் கொள்கை வகுக்க ஒட்டாவாவில் அமைத்த குழுவில், பொதுமக்கள் சார்பில் அவளைச் சேர்த்தார்கள். அந்தக் குழுவின் கூட்டக் குறிப்புகளை எழுதியவன் நான்.

அவளுடைய தம்பி ஆங்கஸ் மர ஆலையில் முதுகு ஒடிந்தவன். அவனுக்கு வந்த உதவித்தொகையை ஒரு கணினி நிறுத்திவிட்டது. ஏன் என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. குளிர்காலம் முழுக்க அக்கா வீட்டுக் கீழ்த்தளத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அதனால் ரோவீனா கேட்டது ஒரே வாக்கியம்: இயந்திரம் மறுத்தால், காரணம் சொல்லவும் முடிவை மாற்றவும் ஒரு மனிதர் இருக்க வேண்டும்.

தலைவர் எலியட் ஃபார்க்கர், ஓய்வு பெற்ற அரசுச் செயலர். பனி கொட்டும் நாட்களில் அவளைத் தன் காரில் பேருந்து நிலையத்தில் இறக்கிவிடுவார். அவளும் வீட்டில் சுட்ட பட்டர் டார்ட் என்ற இனிப்பைக் கொண்டுவந்து முதலில் அவருக்குத்தான் நீட்டுவாள்.

எங்கள் குழுக்களில் கையைத் தூக்கி வாக்கெடுக்கும் வழக்கமில்லை. தலைவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து, "பரவாயில்லையா?" என்பார். எல்லாரும் தலையசைத்தால் அது ஒருமித்த முடிவு. தான் ஒருவர் மட்டும் முரண்டுபிடித்து மேசையையே காக்கவைப்பது இந்த நாட்டில் வளர்ந்தவர்களுக்குக் கூசும்.

கடைசிக் கூட்டத்தில் கணினிக் கம்பெனிகளின் பிரதிநிதி ஸ்டான்ஹோப் அந்த வாக்கியத்தை எடுக்கச் சொன்னார். "இது இருந்தா எல்லாரும் எல்லை தாண்டி அமெரிக்கா போயிடுவாங்க."

"போறப்ப சொல்லுங்க, என் பஸ்ஸிலயே கொண்டுபோய் விடறேன்," என்றாள் ரோவீனா. எல்லாரும் சிரித்தார்கள். ஸ்டான்ஹோப் அசையவில்லை.

இடைவேளையில் எலியட் அவளைத் தனியே அழைத்தார். அங்கே பேசியதை அவள் பின்னால் எனக்குச் சொன்னாள்.

"இன்னைக்கு விட்டுக்கொடுங்க ரோவீனா. மந்திரி ஆபீஸ்ல நானே திரும்பச் சேர்த்துடறேன்."

"நிச்சயமா?"

"என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

மேசைக்குத் திரும்பினார்கள். அவள் முறை வந்தபோது, "பரவாயில்லை," என்றாள். நான் எழுதிக்கொண்டேன். மேசையில் பேசியது மட்டுமே குறிப்பில் ஏறும்.

கொள்கை வெளியான அன்று ரோவீனா நல்ல கோட்டு போட்டு வந்திருந்தாள். கொள்கைப் புத்தகத்தைப் புரட்டினாள். வாக்கியம் இல்லை. பாதிக்கப்பட்ட குடும்பத்தினரும் சேர்ந்து ஏகமனதாக ஏற்றது என்று முன்னுரை சொன்னது. மந்திரி அலுவலகப் பெண்ணிடம் கேட்டாள்.

"நீங்களே அதை வாபஸ் வாங்கிட்டதா தலைவர் சொன்னாரே, மேடம்? உங்களுக்கும் அதுதான் நிம்மதின்னு."

எலியட் படம் எடுக்க எல்லாரையும் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். "வாங்க ரோவீனா, முன்னாடி நில்லுங்க."

"திரும்பச் சேர்க்கிறேன்னு சொன்னீங்களே!"

"குறிப்பைப் பாருங்க. பரவாயில்லைன்னு சொன்னது நீங்கதானே?"

"நீ சொல்லித்தானேய்யா சொன்னேன்! என் டார்ட்டைத் தின்னுட்டு அந்த ஸ்டான்ஹோப்புக்கா வேலை பாத்தே?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "எல்லாரும் பாக்கறாங்க."

அவள் படத்தில் நிற்கவில்லை. நான் அவளை வீட்டில் கொண்டுவிட்டேன். ஆங்கஸ் கைத்தடியுடன் வாசலுக்கே வந்துவிட்டான்.

"அந்த வாக்கியம் வந்துடுச்சாக்கா? இனிமே மெஷின் மறுத்தா யார்கிட்ட பேசணும்?"

ரோவீனா கோட்டைக் கழற்றாமலே நின்றாள்.

"யார்கிட்டயும் இல்லடா. நாங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்து அப்படித்தான் முடிவு பண்ணோம்."