பேரன் தலையை நேர்ந்துகொண்டேன்

இந்தப் பக்கத்தில் என் பெயருக்கு மேலே ஒரு போட்டோ வருகிறதே — கொண்டையும் கனகாம்பரமுமாக — அதை இந்த வாரம் நம்பாதீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை ஜவ்வாது மலையில், ஏரிக்கரை அம்மன் கோயிலில், மொட்டை போட்டுக்கொண்டேன்.

கணவர் நலமாக இருக்கிறார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். போளூர் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்த இரண்டு பேர் துக்கம் விசாரிக்க வீட்டுக்கே வந்துவிட்டார்கள். கதவைத் திறந்தது அவர்தான்!

நடந்தது இதுதான். ஆடி மாதம் என் பேரனுக்கு டைபாய்டு. ஒன்றரை வயசுப் பிள்ளை. என் மகள் கோமதியைப் படவேட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் கொடுத்திருக்கிறோம். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தோம். ஏழாம் நாள் டாக்டர் "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் "பார்க்கலாம்" இருக்கிறதே... வராந்தாவில் நின்றபடியே எங்கள் குலதெய்வம் ஏரிக்கரை அம்மனைக் கும்பிட்டேன். "தாயே, புள்ளை பொழைச்சா அவன் மொத முடி உனக்கு."

மறுநாள் காய்ச்சல் இறங்கியது. மருந்து வேலை செய்கிறது என்றார் டாக்டர். நான் வாயைத் திறக்கவில்லை.

இதில் என்ன தப்பு என்கிறீர்களா? பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும். மகள் வயிற்றுப் பிள்ளையின் முதல் முடி அப்பா வீட்டுக் குலதெய்வத்துக்குத்தான். அம்மா வீட்டுச் சாமிக்கு அதில் பங்கு கிடையாது. அவசரத்தில் மறந்துவிட்டேன்... இல்லை, பொய் சொல்வானேன்? தெரிந்தேதான் நேர்ந்துகொண்டேன்.

தீபாவளிக்கு எல்லோரும் எங்கள் வீட்டில் கூடினோம். சம்பந்தியம்மாளும் வந்திருந்தார். அதிரசத்தைப் பிட்டுக்கொண்டே, கார்த்திகையில் தங்கள் ஊரில் பேரனுக்கு முதல் மொட்டை என்றார். என் வேண்டுதலை அங்கேயே சொல்லிவிட்டேன்.

அவர் தட்டைக் கீழே வைத்தார்.

"இன்னாங்க சம்பந்தி இது? எங்க வூட்டுப் புள்ளை முடிய நீங்க எப்டி நேந்துக்குவீங்க?"

"பயத்துல நேந்துக்கினேங்க."

"உங்களுக்கு மட்டுந்தான் பயமா? வருசம் முடியறதுக்குள்ள மொத முடி எறக்கறேன்னு நானும் எங்க ஆத்தாளுக்கு நேந்துக்கினேன். அது மாறிப் போயி, மறுபடி காய்ச்சல் வந்துச்சுன்னா யாருங்க பதில் சொல்றது?"

அதுதான் விஷயம். இது கௌரவச் சண்டை இல்லை. வாக்குத் தவறினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம், இரண்டு பேருக்கும். இரண்டு தெய்வம், ஒரு தலை! கோமதி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்தாள். யார் ஜெயித்தாலும் அந்த வீட்டில் வாழப்போவது அவள்தானே?

என் கணவர் சமாதானத்துக்கு வந்தார். "பாதித் தலை அங்க, பாதித் தலை இங்க..." யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு நாள் யோசித்தேன். வேண்டுதல் என்று வந்துவிட்டால் நமக்கு எவ்வளவு தாராள மனசு, கவனித்திருக்கிறீர்களா? எங்கள் தெருவில் ஒரு அம்மாள், தன் கணவர் அங்கப்பிரதட்சிணம் செய்வார் என்று நேர்ந்துகொண்டார். அந்த மனிதருக்கு விஷயம் தெரிந்தது கோயில் வாசலில்! புருஷன் உருளுவான், பிள்ளை காவடி எடுப்பான், மருமகள் விரதம் இருப்பாள். நேர்ந்துகொண்டவர் மட்டும் ஓரமாக நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். நானும் அதே ரகம்தான் என்று தெரிந்தபோது வெட்கமாக இருந்தது.

சரி, என் தலையில் முடி இல்லையா என்ன?

கணவரிடம் சொன்னேன். பதறிப்போனார். "நான் இருக்கறப்பவே மொட்டையா? நான் தெருவுல நடமாட வாணாமா?"

"நல்லா நடமாடுங்க. அப்பதான் நீங்க இருக்கீங்கன்னு நாலு பேருக்குத் தெரியும்" என்றேன்.

ஞாயிறு காலை நானும் கோமதியும் பிள்ளையும் மலை பஸ்ஸில் ஏறினோம். சம்பந்தியம்மாளும் ஏறினார் — காவலுக்கு. மேலே போய் நான் மனசு மாறிப் பேரன் தலையில் கை வைத்துவிட்டால்? வளைவுக்கு வளைவு பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டார். ஜமுனாமரத்தூரில் இறங்கியபோது தூறல். சாமை அறுத்து முடித்திருந்த கொல்லைகளைத் தாண்டி ஏரிக்கரைக்கு நடந்தோம்.

அம்மன் முன்னால் நின்று, "அது என்னுது இல்லம்மா. இது என்னுது, எடுத்துக்க" என்று சொல்லிவிட்டு, கரையில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தேன்.

முடி எடுப்பவர் பேரனைப் பார்த்தார். "புள்ளைக்குத்தானேம்மா?"

"எனக்கு."

கொண்டையை அவிழ்த்து, தண்ணீர் தெளித்துத் தேய்க்க ஆரம்பித்தார். சம்பந்தியம்மாள் ஓடி வந்தார்.

"வாணாங்க சம்பந்தி. கட்டுக்கழுத்தியா இருக்கறவங்க... பூமுடி குடுங்க. மூணு கத்திரி வெட்டுனா போதும்."

"நேந்துக்கினது முழுத் தலைங்க."

அவர் பிள்ளையைக் கோமதியிடம் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார். விழுந்த முடியை மண்ணில் விடாமல் தன் முந்தானையில் ஏந்திக்கொண்டார். எங்கள் பக்கம் பிள்ளைக்கு முடி இறக்கும்போது அத்தை ஏந்துவாள். எனக்குச் சம்பந்தி ஏந்தினார். அதுவரை கல் மாதிரி உட்கார்ந்திருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது.

பேரன் என்னைப் பார்த்து முதலில் வீறிட்டான். பிறகு இரண்டு கையாலும் என் மண்டையில் தட்டிப் பார்த்து, ஒரே சிரிப்பு. அவன் முடி அப்படியே சுருள் சுருளாக இருக்கிறது. அடுத்த மாதம் அவன் அப்பா வீட்டுக் குலதெய்வத்துக்குப் போகும். நானும் போகிறேன்.

பேரன் முடிக்குப் பதிலாகப் பாட்டி முடியை அம்மன் ஏற்றுக்கொண்டாளா என்று கேட்டு நீங்கள் கடிதம் போடுவீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அந்த ஏரிக் காற்றிலும் தூறலிலும் அரை நாள் இருந்துவிட்டு வந்தும் பிள்ளைக்கு ஒரு தும்மல்கூட இல்லை.

மூன்று நாளாக ஜலதோஷம் எனக்குத்தான்!