பெயர் எழுத ஆளில்லாத மேசை

அந்த ஆனி மாதத்து வியாழக்கிழமையை நான் மறக்கவில்லை. யுத்தகாலம். கண் சத்திரசிகிச்சைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அக்கா, தலைநகரில், வெள்ளவத்தையில் என் அறையில் தங்கியிருந்தார். வடக்கிலிருந்து யார் வந்து தங்கினாலும் பொலிசில் பதிய வேண்டும். காலையிலேயே இருவரும் பொலிஸ் நிலையத்துக்குப் போய் மத்தியானம்வரை வரிசையில் நின்றோம்.

“எழுதுற மாத்தையா இல்லை. நாளைக்கு வாங்க,” என்றார் வாசலில் நின்ற பொலிஸ்காரர், உள்ளே ஆளில்லாத மேசையைக் காட்டி, அரைகுறைத் தமிழில்.

“நாளைக்குக் காலமை இவவுக்கு ஒப்பரேஷன், சேர்.”

“அப்ப நாளன்னிக்கு வாங்க.”

பின்னேரம் வீடு வீடாகச் சோதனை. எங்கள் கதவைத் தட்டியவரும் அவரே.

“பதிவு எங்க?”

“மத்தியானம் நீங்கள்தானே சேர் திருப்பி அனுப்பினீங்கள்.”

“அது ஸ்டேஷன். இது செக்கிங்,” என்று சிரித்தார்.

அக்காவை ஜீப்பில் ஏற்றினார்கள். “சோத்தை மூடி வை, தம்பி,” என்றார் அக்கா. நான் பொலிஸ் நிலையத்துக்கு ஓடினேன். காலையில் ஆளில்லாத அதே மேசையில் இப்போது ஒருவர் இருந்தார். கைதானவர்களின் பெயர்களோடு அக்காவின் பெயரையும் ஒரு நிமிடத்தில் எழுதி முடித்தார்.

வெள்ளி மாலைதான் விட்டார்கள். சத்திரசிகிச்சைக்குக் கொடுத்த நாள் போய்விட்டது. வேறொரு நாள் கிடைப்பதற்குள் அந்தக் கண்ணும் போய்விட்டது.

இன்று எந்த அரசாங்கக் கந்தோரில் “நாளைக்கு வாங்க” என்றாலும் நான் வீட்டுக்குப் போவதில்லை. மேசைக்கு ஆள் வரும்வரை நிற்கிறேன். சண்டைக்காரன் என்கிறார்கள். இருக்கட்டும்.