ஒப்பீட்டுத் தாளின் கடைசி வரி

செம்பூரில், ஸ்கேன் சென்டர்கள் நடத்தும் ஒரு கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் நான் ஐ.டி. மேனேஜர். சர்வர் அறையை இருவர்தான் பார்த்துக்கொண்டோம்: நானும், என்னைவிட மூத்த ஒரு தாராவிக்காரரும். பூர்வீகம் திருநெல்வேலி என்பதால் அவரை அண்ணாச்சி என்பேன். அவர் என்னை சார் என்பார்.

பழைய மெஷின்கள் இழுத்துக்கொண்டு கிடந்தன. வெளியார் கிளவுடை வாடகைக்கு எடுப்பதா, நம் அறையிலேயே சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்வதா என்று டைரக்டர் என்னை எழுதித் தரச் சொன்னார். நோயாளிகளின் படங்கள் வெளியே போகக்கூடாது என்று அவரே சொல்லிவிட்டதால் பாதி முடிவு ஆகியிருந்தது. மீதி, எந்தப் பெட்டி என்பது. எங்களிடம் சர்வர் தனி, டிஸ்க் அலமாரி தனி, இரண்டுக்கும் நடுவே தனி நெட்வொர்க். புதிதாக வந்திருப்பது ஹைப்பர்கன்வர்ஜ்டு. எல்லாம் ஒரே பெட்டிக்குள். ஒரே திரையில் பார்த்துக்கொள்ளலாம். இடம் போதாவிட்டால் பக்கத்தில் இன்னொரு பெட்டி. நல்ல சரக்கு. அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

ஒப்பீட்டுத் தாளின் கடைசி வரி, ‘தேவையான ஆள்’. விற்க வந்தவன் ஒருவர் போதும் என்றிருந்தான். நான் இரண்டு என்று போட்டேன். அண்ணாச்சியை நினைத்துத்தான் போட்டேன். இந்த விஷயத்தில் நான் செய்த ஒரே புண்ணியம் அது.

தாளைச் சரிபார்க்க அவரிடமே கொடுத்தேன். எதில் எத்தனை டெராபைட் என்பது அவருக்குத்தான் மனப்பாடம்.

"சார், ரெண்டு ஆளுன்னு போட்டிருக்கிய. டைரக்டர் பாத்தா சிரிப்பாரு. நீங்க மேல மீட்டிங்குக்கே போயிருவிய. கீழ ஒரு ஆளு போதும்லா? நான் பாத்துக்கிடுதேன், டென்ஷன் மத் லோ, கவலப்படாதிய."

இரண்டை அழித்துவிட்டு ஒன்று என்று அவரே டைப் அடித்தார். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதுதான். மேனேஜரையும் ஓர் ஆளாக அவர் எண்ணவில்லை. டைரக்டர் எண்ணுவார் என்பது எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெட்கப்பட வேண்டிய நேரத்தில் எனக்குப் பசித்தது. கீழே போய் இரண்டு வடாபாவ் தின்றுவிட்டு வந்து தாளை அனுப்பினேன்.

அடுத்த வாரம் டைரக்டர், அந்த ஒருவர் யார் என்று கேட்டார். நான்தான் என்றேன்.

புதுப் பெட்டிகள் வந்தன. பழையதில் இருந்ததையெல்லாம் மாற்றி முடிக்கும்வரை அண்ணாச்சியை வைத்துக்கொண்டார்கள். ஒரு ஃபைல்கூடத் தொலையாமல் மாற்றிக் கொடுத்தார். கடைசி நாள் மாலை, குர்லா வரை ஒரே ரயிலில் போனோம். இப்போதாவது நெஞ்சில் ஏதாவது உறைக்குமா என்று பார்த்தேன். மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்த்த மாதிரிதான் இருந்தது.

திலக் நகர் தாண்டியதும் அவர் மெதுவாகச் சொன்னார்.

"அந்த ஒண்ணு நாந்தான்னு நெனச்சில்லா அடிச்சேன் சார்."

"தெரியும் அண்ணாச்சி."

"எப்பத் தெரியும்?"

"நீங்க அடிக்கறச்சயே."