இன்ஸ்பெக்டர் உள்ளே இருந்த பெட்டி

"கண்ணாடிப் பெட்டின்னா மீன் மட்டும்தானா? செடி, ஓணான், நத்தை இதுக்கெல்லாம் வீடு வேணாமா?"

மூக்கால் இழுத்து இதைச் சொன்னால் அச்சு அசல் பசை அத்தைதான். தபால்காரர் வந்தாலும் இதே புலம்பல். அப்பாவின் அக்கா. எங்கள் கார் ஷெட்டில் கண்ணாடி அறுத்து, சிலிக்கான் பசை வைத்து, செடியும் ஓணானும் குடியிருக்கப் பெட்டி செய்வார். விரல் நுனியில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டேதான் பேச்சு.

மீன்தொட்டி ஒழுகினால் தரை காட்டிக்கொடுத்துவிடும். மற்றப் பெட்டிகளில் இடுக்கு இருந்தால் யார் சொல்வது? அதற்கென்றே அத்தை ஒரு சுவர்ப்பல்லி வைத்திருந்தார். பெயர் இன்ஸ்பெக்டர். பசை காய்ந்ததும் அதைப் பிடித்து உள்ளே விடுவார். மறுநாளும் உள்ளேயே இருந்தால் பெட்டி பாஸ். சுவரில் இருந்தால் ஃபெயில்.

பல் டாக்டர் ஒருவர் நோயாளிகள் காத்திருக்கும் அறைக்கு ஒரு செடிப் பெட்டி கேட்டார். பிடித்திருந்தால் இன்னும் எட்டு வாங்குவாராம்.

"அக்கா, இந்த ஆர்டர் கைவிட்டுப் போச்சுன்னா ஷெட்டைக் காலி பண்ணிடு. என் கார் வெயில்ல வேகுது," என்றார் அப்பா.

"ஏன்டா, வேர்க்குதுன்னு உன்கிட்ட வந்து சொல்லுச்சா?"

பெட்டி போய் நான்காம் நாள். அடுத்த பெட்டியைச் சோதிக்க ஆளைத் தேடினால் சுவரில் இல்லை, பரணில் இல்லை. அத்தை தலையில் கை வைத்தார்.

"ஐயையோ! இன்ஸ்பெக்டரை உள்ள வச்சே அனுப்பிட்டேன்டா!"

அப்பா முணுமுணுத்தபடி காரை எடுத்தார். மூன்று பேரும் கிளினிக் போய்ப் பார்த்தால், பெட்டியைச் சுற்றி வீங்கின கன்னங்களாக ஒரு கூட்டம். உள்ளே, இலைக்கு நடுவில், இன்ஸ்பெக்டர் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு எல்லோரையும் விசாரித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் இடுப்பில் கை வைத்து நின்றார். "ஏம்மா, நான் கேட்டது செடி. பல்லி எதுக்கு? பெட்டியைத் தூக்கிட்டுப் போங்க!"

"ஷெட்டு எனக்குத்தான்," என்று அப்பா என் காதில் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் ஓடிவந்தார். "டாக்டர், ஊசியைப் பார்த்ததும் நாலாம் நம்பர் மறுபடியும் பின்வாசல் வழியா ஓடிட்டாரு!"

அடுத்து அத்தை சொன்னதைக் கேட்டு, வாயில் பஞ்சு வைத்திருந்தவர் பஞ்சைத் துப்பிவிட்டுச் சிரித்தார். டாக்டரே சிரித்துத் தோற்று எட்டுப் பெட்டிக்கும் தலையாட்டினார். அப்பாவின் கார் இன்றும் வெயிலில்தான். அத்தை சொன்னது இதுதான்:

"நாலு நாளா முட்டி மோதியும் என் பெட்டியிலேருந்து ஒரு பல்லியால வெளிய வர முடியல, டாக்டர். உங்க ரூம்லேருந்து முழுசா ஒரு ஆளே ஓடிட்டாரு. முதல்ல உங்க ஓட்டையை அடைங்க, அப்புறம் என் பெட்டிக்குக் குறை சொல்லுங்க!"